நம்ம போர் தண்ணியும் தனிம வரிசை அட்டவணையும்

வீட்டு வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார். "அக்கா, உங்க தண்ணி எப்படி இருக்குன்னு இலவசமா டெஸ்ட் பண்ணிக் காட்டறேன்" என்கிறார். இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்கிறார். ஒன்றில் உங்கள் வீட்டுத் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகள் நீட்டிய ஒரு சாதனத்தை இரண்டிலும் வைத்து, பிளக்கைச் சொருகுகிறார். கொஞ்ச நேரத்தில் உங்கள் தண்ணீர் பச்சையாகி, பழுப்பாகி, சேறு மாதிரி ஆகிவிடுகிறது. அவருடைய தண்ணீர் தெளிவாக அப்படியே நிற்கிறது. "பாத்தீங்களா, இதைத்தான் பிள்ளைங்களுக்குக் குடுக்குறீங்க!"

பார்த்தவுடன் யாருக்கும் வயிறு கலங்கும். பாகூர் கொம்யூனில், தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கும் சோரியாங்குப்பம் போன்ற ஊர்களில் இந்தப் பேச்சு இன்னும் சுலபமாக எடுபடும். கடல் தூரமில்லை, நிலத்தடி நீரில் உப்பு ஏறிவிடுமோ என்ற பயம் எப்போதும் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பகுதி கிராமங்களுக்குள் புகுந்ததையும் யாரும் மறக்கவில்லை. தண்ணீரைப் பற்றிய பயம் நியாயமானதுதான். ஆனால் அந்த டம்ளர் வேடிக்கை உங்கள் தண்ணீரைப் பற்றி எதையும் சொல்லவில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள, பத்தாம் வகுப்போடு நாம் மறந்துவிட்ட ஒரு பாடம் போதும். அணுவும் தனிம வரிசை அட்டவணையும்தான் அந்தப் பாடம். வாங்க, ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிடலாம்.

அணுவின் அடையாள எண்

ஒவ்வொரு அணுவின் நடுவிலும் ஓர் அணுக்கரு இருக்கிறது. அதற்குள் நேர்மின்சுமை உள்ள புரோட்டான்களும், மின்சுமை இல்லாத நியூட்ரான்களும் இருக்கின்றன. சுற்றிலும் எதிர்மின்சுமை உள்ள எலக்ட்ரான்கள். புரோட்டான்களின் எண்ணிக்கைதான் அணு எண். நமக்கு ஆதார் எண் மாதிரி, அது ஒரு தனிமத்தின் அடையாளம். 11 என்றால் சோடியம், 17 என்றால் குளோரின், 20 என்றால் கால்சியம், 26 என்றால் இரும்பு. இதில் மாற்றமே கிடையாது.

எலக்ட்ரான்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. முதல் அடுக்கில் 2 பேருக்குத்தான் இடம். அடுத்த அடுக்கில் 8 பேர். சோடியத்தின் 11 எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்று உட்காரும். குளோரினின் 17 எலக்ட்ரான்கள் 2, 8, 7 என்று உட்காரும். அணுக்கள் ஒன்றோடொன்று கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வது கடைசி அடுக்கில் இருப்பவர்களை வைத்துத்தான். உள்ளே இருப்பவர்கள் அதில் தலையிடுவதில்லை.

கடைசி அடுக்கில் 8 இருந்தால் அணுவுக்கு நிம்மதி. சோடியம் அந்த ஒன்றைக் கொடுத்துவிட்டால் நிம்மதி. குளோரின் ஒன்றை வாங்கிக்கொண்டால் நிம்மதி. அப்படிக் கொடுத்தும் வாங்கியும் மின்சுமை பெற்ற அணுவுக்குப் பெயர் அயனி. குளோரின் ஓர் எலக்ட்ரானை வாங்கியதும் அதன் பெயர் குளோரைடு. நாம் சாப்பிடும் உப்பு இந்தக் கொடுக்கல் வாங்கலில் பிறந்ததுதான்.

சுவரில் தொங்கும் காலண்டர்

இப்போது உங்கள் வீட்டு மாதக் காலண்டரைப் பாருங்கள். தேதிகள் 1, 2, 3 என்று வரிசையாகப் போகின்றன. ஏழு நாள் முடிந்ததும் அடுத்த வரி. அதனால்தான் 3, 10, 17 எல்லாம் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒரே கிழமையில் விழுகின்றன. தேதி வேறு, கிழமை ஒன்று. வெள்ளிக்கிழமை என்றால் எந்தத் தேதியானாலும் வீடு கழுவுவோம், இல்லையா?

தனிம வரிசை அட்டவணையும் அப்படித்தான். அணு எண் வரிசையில் எழுதிக்கொண்டே போகிறார்கள். கடைசி அடுக்கு நிறைந்ததும் அடுத்த வரி. லித்தியம் 3, சோடியம் 11, பொட்டாசியம் 19. எட்டு எட்டாகத் தாண்டி, மூன்றும் ஒரே பத்தியில் வந்து நிற்கின்றன. மூன்றுக்கும் கடைசி அடுக்கில் ஓர் எலக்ட்ரான்தான், அதனால் மூன்றின் குணமும் ஏறக்குறைய ஒன்று. நெடுக்குப் பத்திக்குப் பெயர் தொகுதி. குறுக்கு வரிக்குப் பெயர் தொடர்.

ஒரே ஒரு வித்தியாசம்: இந்தக் காலண்டரில் கீழே போகப் போக வாரம் நீண்டுகொண்டே போகும். தொடர்களின் நீளம் 2, 8, 8, 18, 18, 32, 32. கூட்டிப் பாருங்கள், 118 வரும். இன்று அறியப்பட்ட தனிமங்கள் அவ்வளவுதான்.

ரஷ்ய அறிஞர் மெண்டலீவ் 1869-ல் இந்த அட்டவணையை வெளியிட்டபோது 63 தனிமங்களே தெரிந்திருந்தன. அவர் அவற்றை எடை வரிசையில் அடுக்கினார். குணம் பொருந்தாத இடத்தில் வலிந்து நிரப்பாமல் காலியாக விட்டு, "இங்கே வரவேண்டியது இப்படி இருக்கும்" என்று எழுதி வைத்தார். காலியம் 1875-லும், ஸ்காண்டியம் 1879-லும், ஜெர்மேனியம் 1886-லும் கிடைத்து அந்தக் காலி இடங்களில் வந்து உட்கார்ந்தன. வரிசையை முடிவு செய்வது எடையல்ல, அணு எண்தான் என்பதை 1913-ல் மோஸ்லி தன் சோதனைகளால் காட்டினார்.

எந்தப் பத்தி, என்ன வேலை?

சரி, நம்ம தண்ணிக்கு வருவோம். நீர்ப் பரிசோதனை அறிக்கையில் வரும் பெயர்களை இந்த அட்டவணையில் தேடிப் பார்த்தால், பாதி விஷயம் தானாகவே புரியும்.

தொகுதி 2: மெக்னீசியம் 12, கால்சியம் 20. இரண்டுமே இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுப்பவை. அதனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. சோப்போடு சேர்ந்து நுரை வராமல் திரியாக்கிவிடும். கால்சியம் கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் வெள்ளையாகவும் படியும். அறிக்கையில் "கடினத்தன்மை" என்று ஒரே வரியில் எழுதுவது இந்த இரண்டையும் சேர்த்துத்தான்.

தொகுதி 1: சோடியம். இது ஒன்றை மட்டும் கொடுப்பது. கால்சியம் போல சோப்பைத் திரியாக்காது. ஆனால் குளோரைடோடு சேர்ந்து தண்ணீரைக் கரிக்க வைக்கும். "சோப்பு நுரைக்குது, ஆனா வாயில வைக்க முடியல" என்றால் சோடியம் அதிகம் என்று சந்தேகப்படலாம்.

தொகுதி 17: ஃபுளூரின் 9, குளோரின் 17. ஓர் எலக்ட்ரானுக்காக ஏங்குபவை. இங்கேதான் பலருக்குக் குழப்பம். அறிக்கையில் "எஞ்சிய குளோரின்" என்று ஒரு வரி, "குளோரைடு" என்று இன்னொரு வரி இருக்கும். முதலாவது, தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடரிலிருந்து வருவது. எலக்ட்ரான் பசியோடு இருப்பதால் கிருமிகளைத் தாக்கி அழிக்கும். வேலை முடிந்ததும் குளோரைடாகி அடங்கிவிடும். இரண்டாவது ஏற்கெனவே அடங்கிய உப்பு. அது கிருமியைக் கொல்லாது. "தண்ணியில குளோரைடு நிறைய இருக்கே, கிருமி இருக்காது" என்று நினைத்துவிடாதீர்கள்.

ஃபுளூரைடு அதே குடும்பம்தான், ஆனால் ஒரு வரி மேலே இருப்பதால் அளவில் சிறியது. பல், எலும்பின் கனிமத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். கொஞ்சமாக இருந்தால் பல்லுக்கு நல்லது. அதிகமானால் பல்லில் கறை, பிறகு எலும்பிலும் பாதிப்பு. பத்தி குணத்தைச் சொல்லும். வரி அளவைச் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

நடுப்பகுதி: இரும்பு 26. இது சில நேரம் இரண்டு, சில நேரம் மூன்று எலக்ட்ரான்களைக் கொடுக்கும். போரிலிருந்து இறைத்தபோது தெளிவாக இருந்த தண்ணீர், குடத்தில் வைத்ததும் சிவப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கொடுத்த நிலையில் இரும்பு கரைந்திருக்கும். காற்று பட்டு மூன்றாவதையும் இழந்ததும் துருவாகி அடியில் படியும்.

டம்ளர் ரகசியம்

இப்போது அந்த டம்ளரை நீங்களே விளக்கிவிடலாம். சாதனத்தின் கம்பிகளில் ஒன்று இரும்பு. குழாய்த் தண்ணீரில் அயனிகள் இருப்பதால் மின்சாரம் பாயும். கம்பியின் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து தண்ணீருக்குள் இறங்கும். முதலில் பச்சை, பிறகு பழுப்பு. நீங்கள் பார்த்த சேறு அந்தக் கம்பியின் துரு. ஆர்.ஓ. தண்ணீரில் அயனிகள் மிகக் குறைவு. மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பியும் கரையாது.

சந்தேகமா? அடுத்த தடவை, சாதனத்தை வைப்பதற்கு முன் அவருடைய ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு, "இப்ப வைங்க தம்பி" என்று சொல்லுங்கள். அந்தத் தண்ணீரும் கலங்கும். மின்சாரம் சம்பந்தப்பட்டது, நீங்கள் அதைத் தொடவேண்டாம்.

பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டருக்கும் எல்லை உண்டு. அது மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்து, கரைந்திருப்பது மொத்தம் எவ்வளவு என்று கணக்கிடும். கால்சியமா, சோடியமா, ஃபுளூரைடா என்று அதற்குத் தெரியாது. கிருமியும் தெரியாது. மீட்டர் 150 காட்டினாலும் தண்ணீரில் கிருமி இருக்கலாம்.

காய்ச்சிக் குடிப்பதும் இப்படித்தான். காய்ச்சினால் கிருமி சாகும், கண்டிப்பாகச் செய்யுங்கள். ஆனால் அடுப்புச் சூடு அணுக்கருவைத் தொடாது. சோடியம் சோடியமாகவே இருக்கும், ஃபுளூரைடும் போகாது. தண்ணீர் ஆவியாவதால் அவற்றின் அடர்த்தி கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

அறிக்கையை எப்படிப் படிப்பது?

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500) இரண்டு எண்களைத் தருகிறது. முதலாவது ஏற்கத்தக்க அளவு. இரண்டாவது, வேறு நீராதாரமே இல்லாதபோது அனுமதிக்கப்படும் உச்ச அளவு. லிட்டருக்கு மில்லிகிராமில்:

- மொத்தக் கரைந்த திடப்பொருள் (டிடிஎஸ்): 500, 2,000
- கால்சியம்: 75, 200
- மெக்னீசியம்: 30, 100
- குளோரைடு: 250, 1,000
- ஃபுளூரைடு: 1.0; 1.5
- நைட்ரேட்: 45; தளர்வு கிடையாது

ஒரே பத்தியில் இருந்தும் குளோரைடுக்கு 250, ஃபுளூரைடுக்கு 1 என்பதைக் கவனியுங்கள். வயல் உரம், கழிவுநீர்த் தொட்டி இவற்றிலிருந்து இறங்கும் நைட்ரேட் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. அதையும் காய்ச்சிப் போக்க முடியாது.

கடலோரத்தில் இருக்கும் நமக்கு இன்னொரு கணக்கு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மி.கி. குளோரைடு உண்டு. 100 குடம் நல்ல தண்ணீரில் 2 குடம் கடல்நீர் கலந்தாலே குளோரைடு 350-க்கு மேல் ஏறிவிடும். கடல்நீரில் கால்சியத்தைவிட மெக்னீசியமும் அதிகம். ஆகவே ஆண்டுக்கு ஆண்டு குளோரைடும் மெக்னீசியமும் சேர்ந்து ஏறினால், கடல்நீர் உள்ளே வருகிறதா என்று விசாரிக்கவேண்டிய நேரம் அது. பழைய அறிக்கைகளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் ஒப்பிடுவது சுலபம்.

நீங்கள் செய்யவேண்டியது

ஜல் ஜீவன் மிஷன் திட்டத்தின் கீழ், குடிநீர் ஆய்வகங்களில் பொதுமக்களும் குறைந்த கட்டணத்தில் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளலாம். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலோ பொதுப்பணித் துறை அலுவலகத்திலோ விவரம் கேளுங்கள்.

மாதிரி எடுக்கும்போது மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, நிரப்பி, மூடுங்கள். ஊர், இடம், தேதி, நேரம் எழுதி ஒட்டி, அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். கிருமிச் சோதனைக்குத் தனி பாட்டில் தேவை. அதை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். வெள்ளம் வடிந்த பிறகு கிருமிச் சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

அறிக்கையில் டிடிஎஸ்ஸோ ஃபுளூரைடோ நைட்ரேட்டோ எல்லை மீறியிருந்தால் ஆர்.ஓ. வாங்குவது நியாயமான செலவுதான். கடினத்தன்மை சற்றுக் கூடுதல் என்பது மட்டும் குறை என்றால், அந்தப் பணத்தைப் பிள்ளைகளின் வேறு செலவுக்கு வைத்துக்கொள்ளலாம். அறிக்கை கையில் வந்ததும், வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை இருந்தால் கூப்பிட்டு, அந்தப் பெயர்கள் அட்டவணையில் எந்தப் பத்தியில் இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு விவரம் கிடைக்கும். பிள்ளைக்குப் பாடம் மனசில் நிற்கும்.