ஆட்டோவுக்கும் அலைன்மென்ட் உண்டு

மும்பையில் சயான், பாந்த்ராவுக்கு வடக்கே ஆட்டோ ஓட்டிக் குடும்பம் நடத்தும் தமிழர்கள் பலர். டயர் சீக்கிரம் தேய்ந்தால் மழைக்காலப் பள்ளங்களையும் டயரின் தரத்தையும் குறை சொல்கிறோம். மூன்று சக்கர வண்டிக்கு அலைன்மென்ட் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஆட்டோவின் 4.00-8 டயர் சுமார் 40 செ.மீ. விட்டம் உடையது. அதன் முன் விளிம்பு, பின் விளிம்பைவிட 2 மி.மீ. மட்டும் விலகி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் 5 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. நாளுக்கு 100 கி.மீ. ஓடினால் அரை கிலோமீட்டர்! டயரும் பெட்ரோலும் கேஸும் வீணாவது இப்படித்தான்.

கோணல் எங்கே வரும்?

காரில் முன்சக்கரங்கள் இரண்டையும் ஒன்றோடொன்று பார்த்து சரிசெய்வார்கள். ஆட்டோவின் முன்சக்கரத்துக்கு ஜோடி இல்லை. அது செங்குத்தாகவும் நடுக்கோட்டிலும் நின்றால் போதும். பின்சக்கரங்களோ தனித்தனி ஆர்ம்களில் தொங்குகின்றன. ஆர்ம் வளைந்தாலோ, அதன் ரப்பர் புஷ் தேய்ந்தாலோ சக்கரம் திரும்பிவிடும்.

அளக்கும் முன்

மூன்று டயர்களிலும் கையேட்டில் சொன்ன காற்று இருக்கட்டும். பின் டயர்கள் இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். வீல் பேரிங், புஷ் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று அசைத்துப் பாருங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி ஹாண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் மாட்டிக்கொண்டால் ஸ்டியரிங் பேரிங் போய்விட்டது. இவற்றைச் சரிசெய்யாமல் அளப்பது வீண்.

அளக்கும் முறை

1. சமதரையில் வண்டியைச் சில அடி முன்னால் தள்ளி நிறுத்துங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளக்கக் கூடாது.

2. நேரான அலுமினியச் சட்டம் இரண்டை, பின் டயர்களின் வெளிப்பக்கத்தில் ஒரே உயரத்தில் ஒட்டி வைத்து முன்னோக்கி நீட்டுங்கள். தரையருகே டயர் பிதுங்கியிருக்கும் இடத்தில் படக் கூடாது.

3. சட்டங்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பின் டயர் அருகிலும், அங்கிருந்து 2 மீட்டர் முன்னாலும் அளங்கள். டயரில் உள்ள 1 மி.மீ. கோணல் இங்கே 5 மி.மீ. ஆகத் தெரியும்.

4. ஹாண்டிலை நேராக வைத்து, முன்சக்கரத்திலிருந்து இரு சட்டங்களுக்கும் உள்ள தூரத்தை அளங்கள்.

முடிவு என்ன?

முன்னால் தூரம் குறைந்தால் சக்கரங்கள் உள்நோக்கியிருக்கின்றன. டயரின் வெளி ஓரம் தேயும். கூடினால் உள் ஓரம் தேயும். இரு தூரங்களும் சமமாக இருந்தும் முன்சக்கரம் ஒரு சட்டத்துக்கு நெருக்கமாக இருந்தால், வண்டி நண்டு போலச் சாய்ந்து ஓடுகிறது என்று பொருள். உங்கள் மாடலுக்குரிய அளவைக் கையேட்டில் பாருங்கள்.

சரிசெய்யும் திருகு இல்லாத வண்டிகளில் புஷ்ஷையோ ஆர்மையோ மாற்றுவதே வழி. ஆர்மைச் சூடாக்கி நிமிர்த்த அனுமதிக்காதீர்கள்; இரும்பின் பலம் குறைந்து, சவாரியோடு போகும்போது முறியலாம்.

அளவுகளை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் மறுபடி அளந்து ஒப்பிட்டால், டயர் தேய்வதற்கு முன்பே கோணல் தெரிந்துவிடும்.