மொய்யும் தவணையும்

கடனைத் தவணையில் கட்டாதவர் நாணயமில்லாதவர் என்று சொல்லிவிடுதல் எளிது. நிர்வாகக் குழுக் கூட்டங்களில் பாக்கிப் பட்டியல் படிக்கப்படும் வேளையில் அவ்வாறே பேசப்படுவதை நாம் கேட்டு வருகிறோம். ஆயினும் அப்பட்டியலிலுள்ள பெயர்களை மற்றொரு கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இம்முடிவு சற்றுத் தடுமாறும். அக்கணக்கு, வீடுதோறும் பெட்டியில் பத்திரமாக இருக்கும் மொய் நோட்டு.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு பகுதிகளிலும், தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணிப் பகுதியிலும் ஆனி, ஆடி மாதங்களில் நடைபெறும் மொய் விருந்துகளை அங்கத்தினர் பலர் அறிவர். பந்தல் போட்டுக் கிடாய்க்கறிச் சோறு பரிமாறப்படுகிறது. விருந்துண்டவர் கை கழுவியதும் நேரே மொய் எழுதுமிடத்துக்குச் செல்கிறார். தமக்கு இவ்வீட்டார் முன்பு எழுதிய தொகை எவ்வளவு என்பதைத் தம் நோட்டில் பார்த்துக்கொண்டுதான் அவர் புறப்பட்டிருக்கிறார். அத்தொகையோடு இயன்றதைக் கூட்டி எழுதுகிறார். இங்கே கடன் பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை, வசூல் அலுவலர் இல்லை. ஆண்டுகள் சில கடந்த பின்னரும் பணம் தவறாமல் திரும்புகிறது. இவ்வாறு கூடும் தொகையைக் கொண்டு கிணறு வெட்டியவரும், பெண்ணுக்கு மணம் முடித்தவரும் உண்டு.

அதே மனிதர், அதே ஆண்டில், கையொப்பமிட்டு ஜாமீன்தாரரையும் நிறுத்திச் சங்கத்தில் பெற்ற கடனைத் தவணை கடந்தும் நிற்கவிடுகிறார். நாணயம் என்பது ஒருவருக்கு ஓரிடத்தில் இருந்து மற்றோரிடத்தில் இல்லாமற்போகும் பொருளா? அன்று. அவர் எந்தக் கூட்டத்தின் நடுவே நின்று முடிவு செய்கிறார் என்பதே இரு கணக்குகளுக்கும் உள்ள வேறுபாடு என்று நாம் கருதுகிறோம். சங்கத்தின் நன்மை நாடுவோர் இதனை ஊன்றி ஆராய்தல் வேண்டும்.

மொய்ப் பணம் எவருடையது என்பதில் ஐயம் இல்லை. கொடுத்தவர் முகம் தெரிந்தவர். நாளை கோயில் வாசலிலோ தேநீர்க் கடையிலோ எதிர்ப்படுபவர். எல்லாரும் எழுதுகிறார்கள் என்பது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. சில ஊர்களில் ஒலிபெருக்கியிலும் கேட்கிறது. எழுதாமல் விட்டால் தம் வீட்டு விசேடத்தன்று பந்தல் வெறிச்சோடும் என்ற எண்ணமும் இருக்கிறது. சங்கப் பணமோ பெரும்பாலோர் மனத்தில் அரசாங்கத்துப் பணமாகவே பதிந்திருக்கிறது. பங்குத் தொகையும் வைப்புத் தொகையும் அண்டை வீட்டாருடையவை என்பது பேரேட்டில் இருக்கிறது, மனத்தில் இல்லை. அதனினும் முக்கியமானது ஒன்று: மற்றவர்கள் கட்டுகிறார்களா என்பது ஒருவருக்கும் தெரிவதில்லை. கட்டியவர் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அமைதியாக வீடு திரும்புகிறார். கட்டாதவரைப் பற்றிய பேச்சு மட்டும் ஊர் முழுதும் உலவுகிறது.

மற்றவர் செய்கையைப் பார்த்துத் தாமும் செய்யும் இவ்வியல்பை அறிஞர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். சூரிச் நகரில் எர்ன்ஸ்ட் பேர், சைமன் கேஹ்டர் என்னும் பொருளியலறிஞர் இருவர் நடத்திய சோதனைகளின் முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நால்வர் கொண்ட ஒவ்வொரு குழுவிலும் ஒவ்வொருவருக்கும் 20 காசுகள் தரப்பட்டதாக வைத்துக்கொள்வோம். பொதுப் பெட்டியில் எவர் ஒரு காசு போட்டாலும் நால்வருக்கும் தலைக்கு 0.4 காசு கிடைக்கும். போட்டவருக்கு 0.6 காசு நட்டம். குழு முழுமைக்கும் 1.6 காசு வரவு. நால்வரும் முழுதும் போட்டால் ஒவ்வொருவர் கையிலும் 20 காசு 32 காசாகும். ஆட்டம் பத்து முறை நடைபெற்றது. முதலில் பலரும் தாராளமாகவே போட்டார்கள். முறை செல்லச் செல்லப் பெட்டி வற்றியது. கடைசி முறையில் பெரும்பாலோர் ஒன்றுமே போடவில்லை.

இதைக் கண்டு மனிதர் யாவரும் தன்னலக்காரரே என்று முடிவு கட்டுவது அவசரம். அவ்விருவரும் உர்ஸ் பிஷ்பாகர் என்பவரும் சேர்ந்து 2001-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், பிறர் எவ்வளவு போடுவார்களோ அதற்கேற்பத் தாமும் போடுவோம் என்ற போக்கினர் ஏறத்தாழப் பாதிப்பேர். எவர் போட்டாலும் தாம் போடாதவர் சுமார் மூன்றில் ஒரு பங்கினர். பெட்டியை வற்றச் செய்தது இம்மூன்றிலொருவர் மட்டும் அல்லர். அவர்களைப் பார்த்துக் கையை மடக்கிக்கொண்ட நடுப்பாதியினர்தாம் பெட்டியின் தலைவிதியை எழுதினார்கள். நம் சங்கங்களிலும் அந்த நடுப்பாதி இருக்கிறது. பாக்கிப் பட்டியலில் மிகப் பழைய பெயர்களோடு போராடிப் பொழுதைச் செலவிடும் காரியதரிசிகள், இந்த ஆண்டு முதன்முறையாகத் தவணை தவறப்போகும் இந்நடுத்தரத்தாரை நினைப்பதேயில்லை.

இனி, நாம் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு காரியத்தைப் பார்ப்போம். பல சங்கங்களின் அறிவிப்புப் பலகையில், 'அங்கத்தினரில் பெரும்பாலோர் தவணை தவறியுள்ளனர். உடனே செலுத்திச் சங்கத்தைக் காப்பீர்' என்னும் கருத்தில் வாசகம் எழுதப்படுகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கல்லாய்ச் சமைந்த பழங்கால மரங்கள் நிறைந்த தேசியப் பூங்கா ஒன்று உண்டு. பார்க்க வருவோர் சிறு துண்டுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவர். ராபர்ட் சியால்டினி என்னும் உளநூலறிஞரும் அவர்தம் குழுவினரும் அங்கே இருவகைப் பலகைகளை மாற்றி மாற்றி வைத்தார்கள். முன்பு வந்தவர் பலர் எடுத்துச் சென்றதால் காடு கெடுகிறது என்று ஒன்று வருந்திற்று. எடுக்காதீர்கள் என்று மற்றொன்று கேட்டுக்கொண்டது. அடையாளமிட்டு வைத்திருந்த துண்டுகளில் முதற்பலகை இருந்தபோது 7.92 சதவீதம் களவு போயின; இரண்டாம் பலகை இருந்தபோது 1.67 சதவீதமே போயின. 'பலரும் எடுக்கிறார்கள்' என்ற புலம்பல், 'அப்படியானால் நானும் எடுக்கலாம்' என்று காதில் விழுந்திருக்கிறது. நம் பலகையும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பிரிட்டனில் 2011-ஆம் ஆண்டு வரி பாக்கி வைத்திருந்தோருக்கு அனுப்பிய கடிதங்களில், நாட்டில் பத்துக்கு ஒன்பது பேர் உரிய காலத்தில் வரி செலுத்திவிடுகின்றனர் என்ற செய்தியைச் சேர்த்துச் சோதித்தனர். சேர்க்காத கடிதத்தினும் சேர்த்த கடிதத்துக்குப் பணம் கூடுதலாக வந்தது. பெறுபவர் மிகச் சிறுபான்மையினர் என்பதையும் எழுதிய கடிதம் இன்னும் நன்றாகப் பலித்தது. செலவு என்னவோ ஒரே தபால் செலவுதான்.

தள்ளுபடியைப் பற்றிச் சொல்லாமல் இவ்விஷயத்தைக் கடந்து செல்ல இயலாது. 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் தள்ளுபடியாயின. 2021-இல் மட்டும் அறிவிக்கப்பட்ட தொகை 12,110 கோடி ரூபாய். புயலும் வறட்சியும் வாட்டிய குடும்பங்களுக்கு அது ஆறுதல் அளித்தது என்பதை எவரும் மறுக்கமாட்டார். நாம் இங்கே பேசுவது மனத்தைப் பற்றி. காதுத் தோட்டை அடகு வைத்துத் தவணைக்குள் கட்டியவரைக் கட்டாதிருந்த பக்கத்து வயல்காரர் பார்த்துச் சிரித்த ஒரு சிரிப்பு, பத்தாண்டுக்கு ஒரு சங்கத்தின் வசூலைப் பாதிக்க வல்லது. அடுத்த தேர்தல் நெருங்கும்போதே பலர் தவணையை மறந்துவிடுவதன் காரணம் பேராசை மட்டும் அன்று. தாம் மட்டும் ஏமாளி ஆகக்கூடாது என்ற அச்சமே பெரிது. மனிதர் இழப்பைப் பொறுத்துக்கொண்டாலும் ஏமாளி என்ற பெயரைப் பொறுத்துக்கொள்ளார்.

கூட்டுறவின் மூதாதையர் இந்த இயல்பைச் சோதனைக் கூடம் இல்லாமலே அறிந்திருந்தனர். ஜெர்மனியில் ஹெடெஸ்டார்ப் என்னும் ஊரில் 1864-இல் ரெய்பைசன் அமைத்த கடன் சங்கத்தில் அங்கத்தினர் யாவரும் வரம்பற்ற பொறுப்பு ஏற்றனர். ஒருவர் தவறினால் மற்றவர் நிலமும் பதில் சொல்ல வேண்டும். ஆகவே ஒருவரையொருவர் அறிந்த சிற்றெல்லைக்குள்ளேயே சங்கம் நடத்தப்பட்டது. சென்னை மாகாணத்துக்காக இம்முறைகளை ஆராய்ந்த பிரடெரிக் நிக்கல்சன் 1895-இலும் 1897-இலும் அளித்த அறிக்கைகளில் ரெய்பைசன் வழியையே போற்றினார். 1904-ஆம் ஆண்டுச் சட்டமும் கிராமியச் சங்கங்களுக்கு வரம்பற்ற பொறுப்பையே விதித்தது. இன்று பொறுப்புக்கு வரம்பு உண்டு. சங்கத்தின் எல்லையோ பல ஊர்களுக்கு விரிந்துவிட்டது. பழைய முறைக்குத் திரும்புக என்று நாம் சொல்லவில்லை. எல்லை விரிந்தபோது, அண்டை வீட்டார் கண் என்னும் காவலை இழந்தோம். அதற்கு ஈடாக ஒன்றும் வைக்கவில்லை என்பதே நம் குறை.

மகாசபைக் கூட்டத்தில் இதன் விளைவைக் காணலாம். 'எவன் கட்டப்போகிறான், எப்படியும் தள்ளுபடி வரும்' என்று முன் வரிசையிலிருந்து ஒருவர் உரக்கச் சொல்கிறார். நாற்பது தலைகள் அசைகின்றன. அவற்றுள் பல, கணக்கை நேற்றே முடித்தவர்களின் தலைகள்! அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்பவர் 1950-களில் மாணவர்களுக்குக் கோடுகளைக் காட்டி, எது எதற்குச் சமம் என்று கேட்டார். முன்னேற்பாட்டின்படி மற்றவர் அனைவரும் ஒரே தவறான விடையைக் கூறினர். கண்ணுக்கு எதிரே உண்மை தெரிந்தும், சோதிக்கப்பட்டவர் அளித்த விடைகளில் ஏறத்தாழ மூன்றிலொன்று கூட்டத்தோடு ஒத்துப்போயிற்று. ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்ல ஏற்பாடு செய்தபோது, ஒத்துப்போன தவறுகள் நான்கிலொன்றாய்க் குறைந்தன. ஆகவே தவணைக்குள் கட்டியவர் ஒருவர் எழுந்து, 'நான் கட்டிவிட்டேன்' என்று இரண்டு சொல் சொல்வாராயின், அது தலைவரின் அரைமணிச் சொற்பொழிவினும் மேலானது. நிர்வாகிகள் அத்தகையோர் இருவரையேனும் முன்கூட்டியே பேச அழைத்தல் நலம்.

கையில் வந்ததை விடமாட்டாத இயல்பும் ஒன்று உண்டு. வரும் நூறு ரூபாயினால் உண்டாகும் மகிழ்ச்சியைவிடப் போகும் நூறு ரூபாயின் வருத்தம் பெரிது என்பதை டேனியல் கானெமன், ஏமாஸ் ட்வெர்ஸ்கி ஆகியோர் 1979-இல் விளக்கினர். கைத்தறிச் சங்கங்களில் சேமிப்புக்காகக் கூலியிலிருந்தே பிடித்தம் செய்யப்படுகிறது, நெசவாளர் முணுமுணுப்பதில்லை. அதே தொகையைக் கூலி கொடுத்த மறுநாள் வீடு தேடிச் சென்று கேட்டால் கதவு திறக்குமா? கரும்பு ஆலைப் பணத்தில் கடன் பிடித்துக்கொள்ளப்படுவதும் இவ்வகையே. விளைபொருள் விற்பனையோடு கடனை இணைக்க வழியுள்ள சங்கங்கள் அதனைத் தளரவிடலாகாது.

மொய்யைப் புகழ்ந்தோம் என்பதால் அதன் மறுபக்கத்தை மறைக்கலாகாது. மொய் எழுதுவதற்கென்றே வட்டிக்கு வாங்குவோர் உண்டு. ஊர்க்கண் காப்பாற்றவும் செய்யும், நெரிக்கவும் செய்யும். ஆதலால், பாக்கிதாரர் பெயரைத் தண்டோராப் போடுவது, வீட்டு வாசலில் நின்று கூச்சலிடுவது போன்ற முறைகளை நாம் வன்மையாக மறுக்கிறோம். மானத்துக்கு அஞ்சியவர் கந்து வட்டிக்காரரிடம் ஓடிச் சங்கக் கடனை அடைப்பார். சங்கத்தின் ஏடு சுத்தமாகும், குடும்பம் மூழ்கும். அத்தகைய வட்டியைத் தடுக்க 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆயினும் அவ்வழியை நாமே காட்டிவிடக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் குழித்தறியில் நீர் ஊறி, பாவு தோயத் தெருவில் வெயிலும் இல்லாதபோது நெசவாளரால் இயலாது. பயிர் மூழ்கிய உழவராலும் இயலாது. இயலாதவரையும் மனமில்லாதவரையும் ஒரே பட்டியலில் எழுதும் காரியதரிசி இருவரையும் ஒன்றாக்கிவிடுகிறார். இயலாதவர் தவணைத் தேதிக்கு முன்பே மனுக் கொடுக்க வேண்டும். இயற்கைச் சேதத்துக்குக் கடனை மாற்றியமைக்க விதிகளில் இடமுண்டு. அம்மனுவை எழுதிக் கொடுப்பதும் சங்க ஊழியரின் கடமையே.

வரும் தவணைக் காலத்துக்குப் பலகையில் எழுத ஒரு மாதிரி தருகிறோம். 'இந்தத் தெருவில் பயிர்க்கடன் பெற்றோர் 31 பேர். இன்றுவரை செலுத்தியோர் 22 பேர். தவணைக்குள் செலுத்துவோருக்கு வட்டி இல்லை. இயலாதவர் இம்மாத முடிவுக்குள் அலுவலகத்துக்கு வந்து பேசவும்.' எண்கள் அவரவர் ஏட்டின்படி இருக்க வேண்டும்; பெயர் வேண்டுவதில்லை. சனிக்கிழமைதோறும் சுண்ணக்கட்டியால் திருத்தி எழுதுக. செலுத்தியோர் பாதிக்கும் குறைவாக உள்ள தெருவானால் அந்த எண்ணை எழுதாதீர்கள். பொய்யாகக் கூட்டியும் எழுதாதீர்கள், ஒருமுறை பொய் வெளிப்பட்டால் பலகையை எவரும் பார்க்கமாட்டார். சென்ற வாரத்தைவிட இவ்வாரம் எத்தனை பேர் கூடுதலாகச் செலுத்தினர் என்பதை மட்டும் எழுதினால் போதும்.