கம்ப்யூட்டரும் பிரெஞ்சும்

கேள்வி: கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸோடு பிரெஞ்சும் படிக்கிறேன் என்கிறாள் மகள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் ஆகிவிடாதா?

பதில்: ஆகாது. புரோலாக் என்ற கணினி மொழி 1972-இல் மார்செய் நகரில் உருவானதே, பிரெஞ்சு வாக்கியங்களைக் கணினிக்குப் புரியவைக்கும் முயற்சியில்தான். ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022-இல் யுஜிசியும் வழிவிட்டுவிட்டது. வகுப்பு நேரங்கள் மோதக் கூடாது, அல்லது ஒன்றைத் தொலைநிலையில் படிக்கலாம்.

ஆனால் பிளஸ் டூவில் மார்க்குக்காக எடுக்கிற பிரெஞ்சு இந்த இரட்டைப் படிப்புக்குப் போதாது. வினைச்சொல் அட்டவணையை மனப்பாடம் செய்து தொண்ணூற்றைந்து வாங்கிய பிள்ளைகளுக்கு, பாரிஸில் ஒரு காபி கேட்க வாய் வராது! பிரெஞ்சு மொழித்திறனைச் சோதிக்கும் டெல்ஃப் தேர்வில் பி2 நிலை வரையாவது ஏற வேண்டும். லேப் ரெக்கார்டு எழுதும் வாரங்களில் முதலில் அடிபடுவது பிரெஞ்சுதான். அப்போதும் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்குவாளா என்று கேளுங்கள். சரி என்றால், தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்.