திரும்பி வரும் படகு

1898ஆம் ஆண்டு நிக்கோலா டெஸ்லா, வானொலி அலைகளுக்குக் கட்டுப்பட்டு இயங்கும் சிறு படகொன்றை நியூயார்க் நகரில், தொட்டிநீரில் செலுத்திக் காட்டினார். அன்று காண்போரை வியக்க வைத்த அக்கருவியை இன்று பள்ளி மாணவரும் உருவாக்கலாம்.

திருநின்றவூர் ஏரியில் தம் முதற்படகை விட விழையும் மாணவர், அது எவ்வளவு விரைவாகச் செல்லும் என்றே எண்ணுவார். அது திரும்பி வருமா என்பதே முதல் வினாவாக இருத்தல் வேண்டும்.

முதலில், மின்கலத்தையும் மோட்டாரையும் பொருத்திப் படகை வீட்டுத் தொட்டியில் மிதக்க விடுக. ஒருபுறம் சாய்ந்தால் மின்கலத்தை நகர்த்திச் சமன் செய்க. நீர் புகுந்தாலும் மூழ்காதிருக்க, உள்ளே வெற்றிடங்களில் தெர்மாகோல் துண்டுகளை அடைத்திடுக. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை நீர் பெரிதும் உட்கவர்ந்துவிடும். ஆதலால் ஏற்பியின் ஆன்டெனா நீர்மட்டத்திற்கு மேலே உயர்ந்து நிற்றல் வேண்டும். அலைத்தொடர்பு அறுந்தால் மோட்டார் தானே நின்றுவிடுமாறு முன்னரே அமைத்து, கரையிலேயே சோதித்துப் பார்க்க.

இத்தனைக்குப் பின்னும் படகு நடுநீரில் நின்றுவிடலாம். நீர்ப்பாசி சுழலியைச் சிக்க வைக்கலாம். அப்போது அதனை மீட்க ஏரியில் இறங்குதல் கூடாது. ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது நம் முன்னோர் மொழி. காற்று அதனைக் கரை சேர்க்கும்வரை காத்திருக்க. படகை மீண்டும் செய்யலாம். உயிரை மீண்டும் பெறல் இயலாது.