டிட்டூ இடுக்கில் இறங்குமுன்

கரீபியனில் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. இந்த மாதங்களில் டொமினிக்கா தீவுக்குப் போய் டிட்டூ இடுக்கில் நீந்த நினைப்பவர்கள் (டொமினிக்கன் குடியரசு வேறு நாடு, டிக்கெட் எடுக்கும்போதே கவனம்) ஒன்றை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்: முந்தின இரவு மலையில் கனமழை என்றால் இறங்குவதில்லை. இடுக்கின் வாயில் நின்றுகொண்டு யோசித்தால் ஆசைதான் ஜெயிக்கும்.

2023 ஜூலையில் தலைநகர் ரோஸோவில் அஸ்வின் 12 விக்கெட் எடுத்து ஒரு கிரிக்கெட் டெஸ்ட்டையே மூன்று நாளில் முடித்துவைத்தாரே, அதே தீவுதான். இடுக்கு இருக்கும் லோடா கிராமம் ரோஸோவிலிருந்து காரில் கொஞ்ச தூரம். ஆட்டம் சீக்கிரம் முடிந்து மிச்சமாகும் நாளில் எட்டிப் பார்க்கத் தோன்றும்.

இரண்டு பக்கமும் வழவழப்பான பாறைச் சுவர். நடுவே கையை விரித்தால் தொட்டுவிடலாம் போல ஒரு சந்து. காலுக்குத் தரை எட்டாது, வானம் தலைக்கு மேல் ஒரு கீற்று. ஓட்டத்தை எதிர்த்து நீந்தினால் முடிவில் ஒரு சிறு அருவி. திரும்பும்போது ஆறே கொண்டுவந்து விடும். நல்ல நாளில் அவ்வளவுதான் வேலை. ஆனால் இந்தத் தண்ணீர் மேலே மழைக்காட்டுச் சரிவுகளிலிருந்து வருகிறது. அங்கே கொட்டும் மழை உள்ளே நீந்துகிறவருக்குக் காதில் விழாது. அகன்ற ஆற்றில் ஒரு சாண் ஏறும் வெள்ளம், இங்கே பக்கவாட்டில் பரவ இடமில்லாமல் மேல்நோக்கித்தான் எழும். ஏறித் தப்பப் பிடிமானமும் கிடையாது. 2015 ஆகஸ்டில் எரிகா புயல் இந்தத் தீவில் சுமார் 30 உயிர்களைக் கொண்டுபோனது. அது சூறாவளிகூட அல்ல, வெப்பமண்டலப் புயல்தான், கொன்றது மழை.

காலையிலேயே போய்விடுங்கள். உள்ளூர் வழிகாட்டி "இறங்க வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். அவரிடம் பேரம் பேசாதீர்கள். எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். ஒருவர் வெளியே நிற்கட்டும். சுவரின் உச்சியிலிருந்து குதிக்க வேண்டாம். வெள்ளம் உருட்டிவந்த மரமும் கல்லும் எங்கே கிடக்கின்றன என்று மேலிருந்து தெரியாது. தீவின் கொதிக்கும் ஏரிக்கு நாளெல்லாம் நடந்து திரும்புகிறவர்கள் அசந்த காலோடு குளிர்ந்த நீரில் விழுந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். இடுக்கின் வாயில் ஒரு வெந்நீர் ஊற்று வழிகிறது, அதில் கொஞ்ச நேரம் நின்றாலே போதும்.

தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, அருவியின் இரைச்சல் கனத்தாலோ உடனே திரும்புங்கள். போட்டோவுக்கு நிற்க வேண்டாம். வெள்ளம் முந்திக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல் மல்லாந்து, காலை முன்னே நீட்டி ஓட்டத்தோடு போங்கள். வெளியேறும் வழி அந்தப் பக்கம்தான். வாயை எட்டியதும் கரையேறிவிடுங்கள்.

மழையால் போக முடியாமல் போனால், பக்கத்திலேயே ட்ரஃபால்கர் இரட்டை அருவி இருக்கிறது. பார்வை மேடையோடு நின்றுகொள்ளுங்கள். மழை நாளில் அது இன்னும் அழகு.