வெள்ளி நிஜம், கல் நிஜம், நகை போலி

அன்புள்ள தம்பிக்கு,

கடைக்குச் சரக்கு எடுக்க முதல் தடவையாக நியூ மெக்சிகோ போகிறாய், கேலப் நகரில் நான்கு நாள் தங்கி நவஹோ பழங்குடியினரின் நகைகள் வாங்கப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். உரைகல், அமிலப் புட்டி, லென்ஸ் எல்லாம் பையில் வைத்தாயிற்று என்றும் சொன்னாய். கொண்டு போ. ஆனால் அவ்வளவும் கையில் இருந்தும் நான் ஏமாந்த கதையைக் கேட்டுவிட்டுப் போ.

தொழிலுக்கு வந்த புதிதில் கனமான காப்பு ஒன்றை நவஹோ வேலை என்று நம்பி வாங்கினேன். உரைத்துப் பார்த்தேன், 925 வெள்ளி. கல்லும் சாயம் ஏற்றாத டர்க்காய்ஸ். சில மாதம் கழித்து ஒரு நவஹோ பத்தரிடம் காட்டினேன். அவர் முகப்பைப் பார்க்கவே இல்லை. திருப்பிப் பிடித்து விளிம்பில் விரலை ஓட்டிவிட்டு, “யார் செய்தது?” என்றார். தெரியாது என்றேன். “பிறகு எப்படி எங்கள் நகை என்கிறீர்கள்?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வெள்ளி நிஜம், கல் நிஜம், நகை போலி. உரைகல் உலோகத்தைச் சொல்லும். செய்த கையைச் சொல்லாது.

அவர் விரல் எதைத் தேடியது என்று பிறகுதான் புரிந்தது. நவஹோ பத்தர்கள் பழைய எஃகுத் துண்டுகளில் தாங்களே முத்திரை அச்சுகள் வெட்டிக்கொள்வார்கள். அந்த அச்சை வெள்ளித் தகட்டின் மேல் வைத்துச் சுத்தியலால் அடித்துத்தான் கோலம் வரும். ஒரு அடி ஆழமாக விழும், அடுத்தது மயிரிழை சாய்ந்திருக்கும். தகடு மெல்லியதாக இருந்தால் அடியின் நிழல் பின்பக்கம் தெரியும். அப்படிச் செய்த நகையையே அச்சு எடுத்து வார்த்தால் கோட்டின் ஓரங்கள் மழுங்கிப்போகும். பள்ளத்துக்குள் ஊசிக்கண் போலப் புள்ளிகள் இருக்கும். ஆனால் வார்ப்பு என்றாலே போலி என்று முடிவு கட்டிவிடாதே. எரிமலைச் சாம்பல் இறுகிய டூஃபா கல்லில் வடிவம் குடைந்து வெள்ளி வார்ப்பது அவர்களுடைய பழைய வேலைமுறைதான். அடித்துச் செய்ததாகச் சொல்லும் கோலம் வார்ப்பில் வந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பெயர் முத்திரையை மட்டும் நம்பியும் இறங்காதே. ஏன் என்று புரிய அவர்கள் வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும். நவஹோக்களில் முதல் வெள்ளிப் பத்தர் என்று பெரும்பாலும் சொல்லப்படும் அட்சிடி சானி, ஒரு மெக்சிகோ கொல்லரிடம் இரும்பு வேலை கற்றவர். 1864இல் அமெரிக்கப் படை நவஹோ மக்களைப் போஸ்கே ரெடோண்டோவுக்கு நடத்திக்கொண்டு போய்ச் சிறை வைத்தது. 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகே ஊர் திரும்பினார்கள். வெள்ளி வேலை அவர்களிடையே பரவியது அதன் பிறகுதான். அமெரிக்க, மெக்சிகோ நாணயங்களை உருக்கியும் தட்டியும் செய்தார்கள். அந்தக் காலத்து நகையில் 925 என்றும் இருக்காது, பெயரும் இருக்காது. பெயர் பொறிப்பது பரவலானது 1970களை ஒட்டித்தான். பழையதில் முத்திரை இல்லாதது குற்றமில்லை. புதியதில் இருப்பது சாட்சியுமில்லை, முத்திரையையும் போலியாக அடிக்கிறார்கள்.

கல்லுக்கு வருவோம். ஹவ்லைட், மேக்னசைட் போன்ற வெள்ளைக் கற்களுக்கு நீலச் சாயம் ஏற்றி டர்க்காய்ஸ் என்று விற்பார்கள். ‘பிளாக்’ என்பது பிசினில் செய்த கட்டி. அதில் கல்லே இருக்காது. மிருதுவான டர்க்காய்ஸில் பிசின் ஏற்றிக் கெட்டிப்படுத்துவது வேறு. சொல்லி விற்றால் அது மோசடியில்லை, நல்ல பத்தர்களும் பயன்படுத்துகிறார்கள். அரிசோனாவின் ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கம் 2012இல் டர்க்காய்ஸ் எடுப்பதை நிறுத்திவிட்டது. தட்டு நிறைய அந்தக் கல் என்று காட்டினால், எப்போது வாங்கி வைத்த கல் என்று கேள். பிசினா என்று அறியச் சூடான ஊசியால் குத்திப் பார்ப்பதெல்லாம் உன் சொந்த நகையில் மட்டும்.

கடைக்காரருக்கு விஷயம் தெரியுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சிறு சிறு ஊசிக் கற்களை வரிசையாகப் பதிப்பதில் ஸூனி என்ற வேறொரு பழங்குடி மக்கள் பேர்போனவர்கள். வெட்டிய தகட்டை இன்னொரு தகட்டின் மேல் ஒட்டி அடியைக் கறுப்பாக்குவதில் ஹோப்பிகள். ஒருவர் வேலையை இன்னொருவர் செய்வதும் உண்டு. ஆனால் கடையில் உள்ள அத்தனையும் நவஹோ என்று ஒரே மூச்சில் சொல்பவர், அறியாதவர் அல்லது மறைப்பவர்.

சட்டமும் உன் பக்கம் இருக்கிறது. பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்தது என்று விற்றால், 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 2,50,000 டாலர் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை. பிலிப்பைன்ஸில் செய்த நகைகளைப் பழங்குடி வேலை என்று விற்ற நியூ மெக்சிகோ வியாபாரி ஒருவருக்கு 2018இல் ஆறு மாதச் சிறை கிடைத்தது. அதனால் தேர்ந்தவர்கள் பொய்யை நேராகச் சொல்லாமல் ‘நவஹோ பாணி’, ‘தென்மேற்குப் பாணி’ என்று எழுதி வைப்பார்கள். ‘பாணி’ என்ற சொல்லைக் கண்டதும் நின்றுவிடு. ‘இந்தியன்’ என்ற சொல் இன்னும் வேடிக்கை: அங்கே அது பழங்குடியையும் குறிக்கும், நம் ஊரையும் குறிக்கும். பழங்குடிப் பாணியில் செய்து இறக்குமதியாகும் நகையில் நாட்டின் பெயரை அழியாமல் பொறிக்க வேண்டும் என்பது பொது விதி. உள்பக்கம் ஓரிடம் மட்டும் அரம் போட்டுத் தேய்த்திருந்தால், என்ன இருந்தது அங்கே என்று கேள்.

முடிந்தால் செய்தவர் கையிலிருந்தே வாங்கு. சான்டா ஃபேயில் ஆளுநர் மாளிகைத் தாழ்வாரத்தில் பழங்குடிக் கலைஞர்கள் துணி விரித்து உட்கார்ந்து விற்கிறார்கள். ஆகஸ்டில் அதே ஊரில் இந்தியன் மார்க்கெட் கூடும். முத்திரையைக் காட்டி விளக்கம் கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். சொல்லும் விலை அதிகம் என்று தோன்றினால், அதில் எத்தனை சுத்தியல் அடி இருக்கிறது என்று லென்ஸை வைத்து எண்ணிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசு.

கடையில் வாங்கினால் ரசீதில் செய்தவர் பெயர், அவருடைய இனம், வெள்ளியின் தரம், கல்லின் வகை, அதில் செய்த மாற்றம் எல்லாவற்றையும் எழுதி வாங்கு. வாயால் சத்தியம் செய்துவிட்டுப் பேனாவை எடுக்கத் தயங்குபவரிடம் வாங்காதே. நாளை உன் கடைக்கு வருபவர் “யார் செய்தது?” என்று கேட்பார். நான் முழித்தது போல நீ முழிக்கக் கூடாது.

அன்புடன்,
அண்ணன்