உருகி வழியும் சீஸ்: வாங்கும் முன் ஒரு நிமிடம்

உருகிய சீஸை வழித்துப் போடும் பழக்கத்துக்குப் பெயர்போனது சுவிட்சர்லாந்தின் ராக்லெட். சீஸ் வட்டத்தின் வெட்டுமுகத்தில் அனல் காட்டி, இளகியதை அவித்த உருளைக்கிழங்கின் மேல் வழிப்பார்கள். நம் பொருட்காட்சிக் கடைகளில் அதே ஆசை தோசையிலும் பரோட்டாவிலும் இறங்குகிறது. திருத்தங்கலில் இருந்து கிளம்பிச் சாப்பிடப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

● முதலில் பாக்கெட்டைக் காட்டச் சொல்லுங்கள். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்த 'அனலாக்' வகையும் சந்தையில் உண்டு. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, லேபிளில்தான் தெரியும். சைவம் சாப்பிடுகிறவர்கள் பச்சைப் புள்ளியையும் பாருங்கள். சிலவகை சீஸுக்குப் பாலை உறைய வைப்பது கன்றின் இரைப்பையில் இருந்து எடுக்கும் ரென்னட்.

● நீளமாக இழுபடுவது மொசரெல்லா. சாஸ் போல ஊற்றுவது பெரும்பாலும் பதப்படுத்திய சீஸ். எண்ணெய் பிரியாமல் இருக்க அதில் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் சேர்ப்பார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பங்கு போட்டுச் சாப்பிடுங்கள்.

● சீஸ் பெட்டி வெயிலில் திறந்து கிடந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

● செய்தித்தாளில் வைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அச்சகங்கள் நிறைந்த நம் ஊர்க்காரர்களுக்கு மையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? உணவைச் செய்தித்தாளில் பொதிவதற்குச் சட்டத்திலேயே தடை இருக்கிறது.

● விருதுநகர் எண்ணெய் பரோட்டா மேல் மட்டும் வேண்டாமே! மொறுமொறுப்பு போய்விடும், அதற்குச் சால்னாதான் சரி.

● பிள்ளைகளுக்கு ஆறவிட்டு, சிறு துண்டாக்கிக் கொடுங்கள். கொதிக்கும் சீஸ் நாக்கில் ஒட்டிக்கொண்டே சுடும்.